தெளிந்த டர்பன்டைன்

வார்னிஷ் அடிப்பதைவிட, அடித்து முடித்த பிறகு பிரஷ் கழுவுவதுதான் பால்ராஜுக்குப் பிடித்த வேலை. மற்றவர்கள் சாயங்காலம் ஆனதும் பிரஷை டின்னுக்குள் போட்டுவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுவார்கள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். பழைய செய்தித்தாளை மடித்து, பிரஷில் ஒட்டியிருக்கும் வார்னிஷை அதில் இழுத்து இழுத்துத் துடைப்பான். அப்புறம் வார்னிஷைக் கரைக்கும் டர்பன்டைனில், முதலில் அழுக்கானதில் ஓர் அலசல், கொஞ்சம் நல்லதில் ஓர் அலசல், கடைசியாகச் சுத்தமானதில். நுனியில் பெரிதாக எதுவும் தங்காது. தகரப் பட்டைக்குள் மறைந்திருக்கும் அடிமுடியில்தான் வார்னிஷ் ஒளிந்துகொள்ளும். அதைக் கட்டைவிரலால் பிதுக்கி எடுக்க வேண்டும். பிறகு காம்பை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மத்து கடைகிற மாதிரி உருட்டினால் மிச்ச ஈரம் தெறித்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு பழைய சீப்பால் சீவி, முடி கோணாமல் காக்கித்தாளில் சுற்றி, காம்பில் கயிறு கோத்து ஆணியில் தொங்கவிடுவான். எந்தப் பிரஷையும் முடி கீழே படும்படி நிறுத்தி வைக்கமாட்டான்.

“பொண்டாட்டி தலையைக்கூட இப்படி சீவி விட்டிருக்கமாட்டீங்க” என்பான் முனியசாமி.

முனியசாமி உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கிறவன். அவன் தேய்த்துக் கொடுத்தால்தான் பால்ராஜ் பிரஷைத் தொடுவான். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெரிய வீட்டை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கதவும் ஜன்னலும் தூணுமாக அந்த வீட்டில் இருந்த தேக்கு முழுவதும் இவர்கள் இருவர் கையில் இருந்தது. பால்ராஜுக்கு ஊர் ஆவூர். வாரம் முழுக்க வேலை நடக்கிற வீட்டிலேயே தங்கிவிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போவான். முனியசாமி உள்ளூர்க்காரன், தினம் சைக்கிளில் வந்து போகிறவன். வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருப்பான். குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு அவன் மனைவி அழகி கருப்பர் கோயிலில் வைத்துக் கட்டிய கயிறு. ஆடியில் கட்டினது, தை வந்தும் அவன் அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தான். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சாராயக்கடை இருக்கும் கடைத்தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவதை பால்ராஜ் பார்த்திருக்கிறான்.

அழுக்கு டர்பன்டைனையும் பால்ராஜ் கொட்டுவதில்லை. மூடி வைத்திருந்தால் வார்னிஷ் வண்டலாக அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை அலுங்காமல் வடித்தெடுத்தால் மறுபடியும் பிரஷ் அலசலாம். வடித்து வைக்க அவனிடம் ஒரு தகர டின் இருந்தது. அன்றைக்குக் காலையில் பார்த்தால் அதன் அடி துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். யாரோ குடித்துவிட்டுப் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. அதில் வடித்தான். நன்றாகத் தெளிந்திருந்தது, ஆழ்குழாய்த் தண்ணீர் மாதிரி லேசான மங்கல் மட்டும். மேலே ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்தான். அந்த நேரம் பார்த்து மேற்பார்வை பார்க்கும் சந்தோஷ் மாடியிலிருந்து கூப்பிட்டான். “அண்ணே, இந்தக் கதவுல கோடு கோடா தெரியுது, வந்து பாருங்க.” பால்ராஜ் போனான். கோட்டைப் பார்த்தவன் அங்கேயே வேலையில் இறங்கிவிட்டான். பாட்டில் மறந்துபோயிற்று.

மத்தியானத்துக்கு முன்னால் கீழேயிருந்து இருமல் கேட்டது. முனியசாமி தூசிக்கு இருமுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். இருமல் நிற்கவில்லை. அது வேறு மாதிரி மாறியபோது பிரஷைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

முனியசாமி ஜன்னலுக்குக் கீழே முட்டிபோட்டிருந்தான். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. தரையில் பாட்டில் உருண்டு கிடந்தது. அவனுக்கு வாய் வைத்துக் குடிக்கும் பழக்கம் கிடையாது. அண்ணாந்து நேரே தொண்டைக்குள் ஊற்றிக்கொள்கிறவன். மூக்கெல்லாம் மரத்தூசி அடைத்திருந்தவனுக்கு வாடை எங்கே தெரியப்போகிறது? தாகத்தில் எடுத்து ஊற்றியிருக்கிறான்.

சந்தோஷ் கார் சாவியோடு ஓடிவந்தான். கொத்தனார்கள் இரண்டு பேர் முனியசாமியைத் தூக்கினார்கள். “என்னத்தண்ணே குடிச்சான்?” என்று கேட்டான் சந்தோஷ்.

“டர்பன்டைன்” என்றான் பால்ராஜ்.

“அடப்பாவி! ஏறுங்க, ஏறுங்க.”

“நீங்க போங்க. இங்கன எல்லாத்தையும் மூடிட்டு வண்டியில பின்னாலயே வாரேன்.”

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே அந்த நேரத்தில் தெரியாது. கார் தெருமுனை திரும்பியதும் பாட்டிலை எடுத்தான். மிச்சம் இருந்ததை வீட்டுக்குப் பின்னால் மண்ணில் கொட்டினான். பாட்டிலைக் காலால் மிதித்து நசுக்கி, இடிபாடு அள்ளிப்போட்டிருந்த சாக்குக்குள் கையை முழங்கைவரை விட்டுச் செருகினான். அதைச் செய்யும்போது அவன் கை நடுங்கவே இல்லை. பின்னால் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்த்தான். கூட வேலை செய்கிறவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு போகிறான், தன் கை நடுங்காமல் வேலை பார்த்திருக்கிறது.

புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் முனியசாமிக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் இறங்கியதுதான் ஆபத்து என்றார் டாக்டர். சில நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

“எப்படிப்பா குடிச்சாரு?”

பால்ராஜ் வாயைத் திறப்பதற்குள் சந்தோஷ் சொன்னான்: “குடிக்கிற ஆளு சார். கொஞ்ச நாளா விட்டிருந்தாரு. கையில கிடைச்சதை எடுத்துக் குடிச்சுட்டாரு போல.”

போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். ‘இல்லைங்க’ என்றால் போதும். பால்ராஜ் சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அழகி வந்தபோது செருப்புகூட இல்லை. நூறுநாள் வேலையில் இருந்தவளை யாரோ வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். சேலை ஓரமெல்லாம் செம்மண். அதற்குள் சந்தோஷ் சொன்னது வராந்தா முழுக்கப் பரவியிருந்தது. அவள் காதுக்கும் வந்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நேரே பால்ராஜிடம் வந்தாள்.

“அண்ணே, மத்தவுக ஆயிரம் சொல்லுவாக. நீங்க கூடவே இருக்கிறவரு. நீங்க சொல்லுங்க. குடிக்கணும்னுதான் எடுத்தாரா?”

“எனக்குத் தெரியல தாயி” என்றான் பால்ராஜ். “நான் மாடியில நின்னேன்.”

அவள் கட்டிலுக்குப் போய், ஊசி ஏறாத அந்த வலது கையைத் தூக்கினாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், இறுகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து அந்தக் கறுப்புக் கயிற்றை அறுத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்த முனியசாமி, அவள் கை போன திசையில் விரல்களை மட்டும் அசைத்தான். அவள் கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் முனியசாமியின் இடத்துக்கு வேறு ஆள் வந்தான். “குடிகாரனை வச்சு வேலை பார்க்க முடியாதுண்ணே. பூரா மரம், எங்க பார்த்தாலும் வார்னிஷ். தீப்பெட்டியைக் கிழிச்சான்னா என்ன ஆகும்?” என்றான் சந்தோஷ். பால்ராஜ் தலையை ஆட்டினான். தலையாட்டுவது இப்போது சுலபமாக வந்தது.

வேலை மட்டும் ஓடவில்லை. வார்னிஷில் பிரஷைத் தொட்டு இழுத்தால் கை ஒரே சீராகப் போகவில்லை. இடையில் நின்று நின்று போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் அகலப் பிரஷை அலசாமல் டின்னுக்குள் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிட்டான். காலையில் எடுத்துப் பார்த்தால் முடி ஒரு பக்கமாக மடங்கிக் காய்ந்து மரக்கட்டையாகியிருந்தது. டர்பன்டைனில் ஊறப்போட்டால் மீட்டுவிடலாம். எத்தனையோ பேர் குப்பையில் போட்ட பிரஷ்களை அப்படி மீட்டிருக்கிறான். அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை ஆவூர் போனதும் சட்டையை மாற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குக் கிளம்பினான். மறுநாள் பூசைக்காக அன்று சாயங்காலமே சிலர் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். அவனும் போய் நிற்பதாக இருந்தான். மனைவி சூசைமேரி வாசலில் மறித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தானாகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனதே கிடையாது. தவக்காலத்தில் இவள்தான் தள்ளிவிட வேண்டும்.

“என்னாச்சு ஒங்களுக்கு? வந்ததுல இருந்து தண்ணிகூடக் குடிக்கல.”

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உடைந்துபோனான். வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில், ஜன்னல் திட்டு, இடிபாட்டுச் சாக்கு, கயிறு. எதிர்வீட்டு ஆடு வந்து முருங்கைக் கீரையைக் கடித்தது. சூசைமேரி அதைக்கூட விரட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அதை மறந்து வச்சது தப்புதான். ஆனா யாரும் வேணும்னு வைக்கமாட்டாக. அந்தப் பொம்பள கேட்டப்ப தெரியலன்னீங்களே, அது மறதி இல்ல.”

“போலீசு நின்னுச்சு மேரி. பயந்துட்டேன்.”

“அவ போலீசா?”

அவன் எழுந்து, கோயிலுக்குப் போகச் செருப்பை மாட்டினான்.

“ஃபாதர்ட்ட போய்ச் சொன்னீங்கன்னா ஒங்களுக்கு லேசாயிரும். வந்து நல்லா சாப்பிட்டுத் தூங்குவீங்க. அவளுக்கு என்ன ஆகும்? முதல்ல அங்கிட்டுப் போயிட்டு வாங்க. கோயிலு எங்கயும் போயிராது.”

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை வந்தான். முனியசாமியைப் பொதுவார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் அழகி இல்லை. அவனுடைய அக்கா இருளாயி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். பால்ராஜைப் பார்த்ததும் முனியசாமி எழுந்து உட்காரப் பார்த்தான். முகம் பாதியாக வற்றியிருந்தது. குரல் என்று ஒன்று இல்லை, காற்றுதான் வந்தது.

“வாங்கண்ணே. சாப்பிட்டீங்களா?”

பால்ராஜ் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். “அந்தப் பாட்டிலு என்னோடது முனியசாமி. நான்தான் வச்சேன்.”

“தெரியும்ணே.”

இருளாயி கரண்டியை நிறுத்தினாள்.

“வேற யாரு அதை வடிச்சு வைக்கப் போறா?” முனியசாமி மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திப் பேசினான். “பேச்சு வந்ததும் அழகிகிட்ட சொன்னேன். தண்ணின்னு நெனச்சுக் குடிச்சேன்னு சொன்னேன். நம்பல. முன்ன நான் சொன்ன பொய்யி ஒண்ணா ரெண்டா? மோருன்னு சொல்லிருக்கேன், இருமல் மருந்துன்னு சொல்லிருக்கேன். பால்ராஜ் அண்ணனே தெரியலங்கிறாரு, ஒனக்கு மட்டும் தண்ணியாத் தெரிஞ்சுச்சாக்கும்னு கேட்டா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

“என் பேரைச் சொல்லிருக்கலாம்ல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் பால்ராஜ் தாங்கிக்கொண்டிருப்பான். அவன் அதைச் சாதாரணமாக, பஸ் வரும் என்று பார்த்தேன் என்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு இருமத் தொடங்கினான். இருளாயி அவன் முதுகைத் தடவிக்கொண்டே, பால்ராஜை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: “அவ கட்டுமாவடியில அவ ஆத்தா வீட்டுல இருக்கா. இனிமே வரமாட்டேன்னு போயிட்டா.”

அறந்தாங்கி போய் பஸ் மாறினான். கட்டுமாவடியில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. விசாரித்துக்கொண்டு போனால், கடற்கரைப் பக்கம் வலைவிரித்துக் காயப்போட்டிருந்த கருவாட்டை அழகி புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

“அவருக்கு எதுவும்...”

“இல்ல தாயி, நல்லாயிருக்கான். கஞ்சி குடிக்கிறான்.”

அவள் முகம் உடனே இறுகியது. மறுபடி குத்தவைத்து உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டத் தொடங்கினாள். “அதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?”

பால்ராஜ் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தான். அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. “அவன் குடிக்கணும்னு எடுக்கல. நான் பிரஷ் அலசுற டர்பன்டைனைத் தெளிய வச்சு தண்ணி பாட்டில்ல ஊத்தி ஜன்னல்ல வச்சிருந்தேன். பார்த்தா தண்ணி மாதிரிதான் இருக்கும். அவன் தண்ணின்னுதான் குடிச்சான். எனக்கு அப்பவே தெரியும். பாட்டிலை நான்தான் ஒளிச்சேன்.”

அவள் கை நின்றது. ஒரு காக்கை வந்து வலையின் ஓரத்தில் உட்கார்ந்தது.

“நான் ஒங்ககிட்ட வந்து கேட்டப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்தக் கயித்தை நான் கடிச்சு அறுத்தேனே, அப்ப பக்கத்துலதான் நின்னீங்க.”

“நின்னேன்.”

அழகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று அவன் நினைத்தான். முந்தானையை எடுத்தபோது கண்ணில் ஈரமே இல்லை.

“மூச்சு விட முடியாமக் கிடந்தவரைப் பார்த்து, செத்தொழின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்ணே. அவரு காதுல விழுந்திருக்கும். அந்த வார்த்தையை இனி நான் எங்கிட்டுப் போய் அள்ளுறது?”

“என்னை மன்னிச்சிரு தாயி.”

“அதை அப்புறம் பார்ப்போம். மன்னிப்பேனா என்னான்னு எனக்கே தெரியல. இப்ப பஸ்ஸு எப்ப?”

கையைக் கழுவிக்கொண்டு, ஒரு மஞ்சப்பையில் மாற்றுச்சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். ஒரே பஸ்ஸில்தான் இருவரும் ஏறினார்கள். அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். புதுக்கோட்டை வரும்வரை ஒரு முறைகூடத் திரும்பவில்லை. வார்டு வாசலில் மட்டும் நின்று, “நீங்க உள்ள வர வேண்டாம்” என்றாள்.

அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து இருளாயி பாத்திரம் கழுவ வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் பேசாம உட்கார்ந்திருக்காக” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக சந்தோஷிடம் சொன்னான். போலீஸிடமும் வந்து சொல்வதாகச் சொன்னான். சந்தோஷ் முகத்தைத் தடவிக்கொண்டான். “ஏண்ணே, எல்லாம் முடிஞ்ச பிறகு இதை எதுக்கு இப்பக் கிளப்புறீங்க? விடுங்க. தைப்பூசத்துக்குள்ள கதவெல்லாம் முடிக்கணும்.”

“முனியசாமி குடிகாரன்னு சொன்னதை நீங்க மாத்திச் சொல்லணும்.”

“சொல்லிர்றேன், சொல்லிர்றேன். அவரு வந்தாலும் சேர்த்துக்கிறேன். போதுமா?”

ஆனால் முனியசாமியால் வர முடியவில்லை. இனிமேல் தூசி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்ராஜை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போலீஸும் அவன் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டதோடு சரி. திட்டக்கூட ஆளில்லை. தவறு செய்தவன் அதே வீட்டில் அதே பிரஷோடு வேலையை முடித்தான். கதவெல்லாம் பளபளவென்று வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலம் இப்போதும் உட்கார்ந்து பிரஷ் அலசுவான். அலசிய டர்பன்டைனைத் தெளிய வைக்க மட்டும் மனம் வரவில்லை.

ஆவணியில் ஒருநாள் திருமயம் பஸ் நிறுத்தத்தில் இறங்கியவனை யாரோ கூப்பிட்டார்கள். குரலை வைத்து ஆளை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு கரகரப்பு. முனியசாமிதான். கோட்டைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது அவனுக்கு.

“வாங்கண்ணே, நெழல்ல உட்காருங்க. பிள்ளைக எல்லாம் சொகமா?”

பால்ராஜ் உட்கார்ந்தான். முனியசாமி சுற்றுலா வரும் ஆட்களைப் பற்றிச் சொன்னான், கோட்டை மேலே ஏற முடியாமல் பாதியில் திரும்புகிறவர்களைச் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ஒரு முழு வாக்கியத்தை அவனால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. எந்த இடத்தில் குரல் அறுகிறது என்று கேட்டுக்கொண்டே பால்ராஜ் உம் கொட்டிக்கொண்டிருந்தான்.

அழகி சாப்பாடு கொண்டுவந்தாள். பால்ராஜைப் பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. தூக்குவாளியை முனியசாமியின் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாப்பிட்டுப் போங்கண்ணே” என்றான் முனியசாமி.

“இல்லப்பா. பஸ்ஸு வந்திருச்சு.”

அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் அவள் வந்து, தூக்குவாளியை எடுத்துத் திறந்தாள்.